இடுப்பளவு

"ஒருத்தர் விடாம எல்லாருக்கும் இடுப்பு பெருத்திருக்கு மேடம்! அதுவும் ஒரே வருஷத்துல!" என்றார் பேராசிரியர், தானே சமைத்துப் போட்டவர் போன்ற பெருமையுடன்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "மரங்களைத்தானே சொல்றீங்க?"

"பின்ன? நம்ம கல்லூரித் தோப்பு மரங்களைத்தான்!"

இயற்கை வளப் பாதுகாப்பு முதுகலைப் படிப்பின் கடைசி வாய்மொழித் தேர்வு அது. மரத்தடியில் குழி வெட்டி மழைநீரைத் தேக்கினால் மரம் சீக்கிரம் பருக்குமா என்பது மாணவியின் ஆய்வு. தோப்பு முழுக்கக் குழி வெட்டியதும் அவள்தான். உள்ளங்கைகள் காய்த்துப் போயிருந்தன. இன்று தேறினால் பட்டம். தேறாவிட்டால் இன்னும் ஒரு வருடம் மண்வெட்டி.

அவள் மெல்லிய குரலில் ஆரம்பித்தாள். தேர்வாளர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"உட்கார்ந்துட்டே பேசினா எப்படிம்மா? எழுந்து நின்னு சொல்லு."

"நின்னுட்டுதான் மேடம் இருக்கேன்."

மேடை மேசைக்கு மேலே அவளுடைய நெற்றியும் கண்களும் மட்டும் தெரிந்தன. பேராசிரியர் இருமினார்.

அந்த நேரம் பார்த்துத் திரை இருண்டது. "அண்ணா..." என்று அவள் தவிப்போடு கூப்பிட்டாள். போன வருடம் இதே படிப்பை முடித்துவிட்டு, இப்போது இதே துறையில் உதவியாளராக இருப்பவர் கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்தார். நாற்காலி எதுவும் போடாமலே, கூரையில் தொங்கிய புரொஜெக்டரின் மண்டையில் ஒரு தட்டு தட்டினார். படம் வந்துவிட்டது.

"பயப்படாத பொடிசு, பட்டம் உனக்குத்தான்," என்று அவள் காதருகே குனிந்து சொன்னார். ரொம்ப நேரம் குனிய வேண்டியிருந்தது.

திரையில் ஒவ்வொரு மரத்துக்கும் இரண்டு கோடுகள். போன வருடச் சுற்றளவு சிவப்பு, இந்த வருடம் பச்சை. எல்லா இடத்திலும் பச்சைதான் உயரம்.

"பிரமாதம்," என்றார் தேர்வாளர். மாணவிக்குப் பாதி உயிர் வந்தது. "ஆனா ஒரு சந்தேகம். இந்த மூலையில இருக்கிற மரத்துக்குப் பக்கத்துல என்னமோ எழுதியிருக்கியே?"

"பட்டுப்போச்சுன்னு எழுதியிருக்கேன் மேடம்."

"எப்போ?"

"நான் இங்க சேர்றதுக்கு முன்னாடியே."

"அதுவும் பெருத்திருக்கே!"

வந்த பாதி உயிர் திரும்பிப் போனது. பேராசிரியர் குறுக்கே பாய்ந்தார்.

"அவ்வளவு சக்தி மேடம் நம்ம குழிக்கு! செத்த மரத்தையே விடலை, பாருங்க!"

தேர்வாளர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மாணவியிடம் திரும்பினார். "சுற்றளவை எப்படிம்மா எடுத்தே?"

அதற்கும் பேராசிரியரே பதில் சொன்னார். "மரத்தோட அடியில அளக்கக் கூடாது, மேலயும் அளக்கக் கூடாது. நேரா நின்னு, நெஞ்சு உயரத்துல டேப்பைச் சுத்தணும். முதல் வகுப்புலயே சொல்லிக் கொடுத்துட்டேன் மேடம்."

"சார் சொன்ன மாதிரியேதான் அளந்தேன். ஒரு மரத்துல கூட மாத்தலை," என்றாள் அவள், அழாத குறையாக.

"ரெண்டு வருஷமும் நீதான் அளந்தியா?"

"இல்ல மேடம். போன வருஷம் அண்ணன் அளந்தார். இந்த வருஷம் நான்."

தேர்வாளர் ஜன்னல் வழியே தோப்பைப் பார்த்தார். மரங்கள் அடியில் பருத்து, மேலே போகப் போக ஒல்லியாகி நின்றன. அடுத்து, புரொஜெக்டரில் தலை இடிக்காமல் கழுத்தைச் சாய்த்து நின்ற அண்ணனைப் பார்த்தார். அதற்கப்புறம், மேசைக்கு மேலே தெரிந்த நெற்றியை.

பேனாவை மூடி வைத்துவிட்டு, பேராசிரியர் பக்கம் மெதுவாகத் திரும்பினார்.

"நெஞ்சு உயரம்னா... யாரோட நெஞ்சு சார்?"