வாசலில் தேவிப்பிரியா

முன்னாள் மாணவியர் சங்க விழா மேடையில், கல்லூரி நாட்களின் இனிய நினைவுகளைப் பேச மைக்கைப் பிடித்து நிற்கிறாள் கெசியா. மின்விசிறிக் காற்றில் முன்வரிசைப் பட்டுச்சேலைகள் சரசரக்கின்றன. வாசலில், திருத்தணி மலையே கொதிக்கும் வெயிலில், அவளுடைய தோழி தேவிப்பிரியாவைக் கையை நீட்டி மறிக்கிறார் சங்கச் செயலாளர். "டிகிரி முடிச்சவங்க மட்டுந்தாம்மா முன்னாள் மாணவி." இரண்டாம் ஆண்டிலேயே அவளைக் கட்டிக்கொடுத்து ஆர்.கே.பேட்டையில் தறிமுன் உட்கார்த்திவிட்டார்கள். பேருந்தில் கைக்குட்டை போட்டு இடம் பிடித்தவளும், கடைசி பெஞ்சில் கெசியாவின் மீன்குழம்பைத் தீர்த்துவிட்டு வாய்பொத்திச் சிரித்தவளும் அவள்தான். "கோவிச்சுக்காதடி, நீ பேசு. இங்கிருந்தே கேட்டுகினுதான் இருக்கேன்," என்று மேடையை நோக்கிக் குரல்கொடுக்கிறாள் தேவிப்பிரியா. கெசியாவின் காதுமடல் சுடுகிறது. "இவ இல்லாத நெனப்பு எனக்கு ஒண்ணுகூட இல்லீங்க. யாரைப் பத்தி பேசச் சொல்றீங்க?" ஒலிபெருக்கி கிறீச்சிடுகிறது. முன்வரிசை தலைகுனிகிறது; யாரும் எழவில்லை. மைக்கை மேசையில் போட்டுவிட்டு இறங்கும் கெசியா, செயலாளரைத் தாண்டி, தேவிப்பிரியாவின் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறாள்.