சத்தம் போடும் படம்

“இதுவா பீத்தோவன் இசை? பெயிண்ட் டப்பா கவிழ்ந்த மாதிரியில்ல இருக்கு” என்றாள் அக்கா, தங்கை வரைந்த படத்தைப் பார்த்து.

ஓராண்டு முழுக்க பீத்தோவனின் சிம்பொனி ஒன்றைக் கேட்டுக் கேட்டு வரைந்தது. ஒருத்தர் காதிலும் விழவில்லையே என்று தங்கைக்கு ஆற்றாமையாக இருந்தது.

“பேரையாவது எழுதி ஒட்டு. இல்லாட்டி யாருக்குப் புரியும்?” என்றார் அவள் கணவர்.

“எழுதி ஒட்டினாத்தான் புரியும்னா நான் எதுக்கு வரையணும்?”

கடைசியில், பேர் எதுவும் ஒட்டாமலே ஒரு மருத்துவமனை வார்டுக்குச் சும்மா கொடுத்தாள். அந்த வாரமே நர்ஸ் போன் செய்தாள்.

“மேடம், கோவிச்சுக்காதீங்க. படத்தை எடுத்துட்டுப் போயிடுங்க. எதிர்க் கட்டில் பெரியவர் ஒரே ரகளை.”

சும்மா கொடுத்ததற்கும் இந்த மரியாதையா? கொதித்துக்கொண்டே போனாள். பெரியவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

“அப்படி என்ன ஐயா பிடிக்கல? கலரா?”

“கலரை யாரு பார்த்தா? சத்தம் தாங்கலம்மா. காலமெல்லாம் ஆர்க்கெஸ்ட்ராவுல டிரம் அடிச்சு ரிட்டயர் ஆனவன் நான். படுத்த படுக்கையிலயும் பீத்தோவன் விடமாட்டேங்கிறாரு.”

அவள் கட்டிலருகே குனிந்தாள்.

“எந்த இடத்துல ஐயா சத்தம்?”

திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டினார். “கீழே, இடது மூலையில. அங்கதானே டிரம் ஆரம்பிக்குது?”

அங்கேதான் டிரம்மை ஆரம்பித்திருந்தாள்.

“எடுத்துட்டுப் போறியா, இல்லையா?”

“எடுத்துடுறேன் ஐயா.” நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். “அதுக்கு முன்னாடி இன்னொரு தடவை திட்டுங்க.”