கழிக்காத விலை

"வாங்கின விலை எவ்வளவு?"

"சைபர் எண்டு போடு மச்சான்."

கணினியில் ஓடிக்கொண்டிருந்த இரத்தினசிங்கத்தின் விரல்கள் நின்றன. பதிகம் ஒன்றைப் பாடி முடித்த பின்னரே கணக்கில் கைவைக்கும் மனிதர் அவர். ஓர்ஸ் ஹில்லில் அவர் கையொப்பமிட்ட வரிக்கணக்கு திரும்பி வந்ததாகச் சரித்திரமில்லை.

"அபூதாஹிர், பிட்கொயின் வித்த காசில வாங்கின காசைக் கழிச்சால்தான் லாபம். லாபத்துக்குத்தான் வரி. சைபர் எண்டு போட்டால் முழுத் தொகைக்கும் கட்டவேணும்."

"கட்டுறன்."

"ஏன், சும்மாவா வந்தது?"

"காசு குடுத்துத்தான் வாங்கினன். பெற்றோலுக்கு லைன்ல நிண்ட வருஷம்."

"ஆரிட்டை? விலையைக் கழிக்க, வித்தவன்ர பேரும் வேணும்."

அபூதாஹிர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். கீழே உள்துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் ஊதியது.

"அதை மட்டும் கேளாத."

இரத்தினசிங்கத்தின் மனம் ஐம்பது ஆண்டுகள் பின்னே ஓடிற்று. மூதூர் லோஞ்சுப் படகிலிருந்து புத்தகக் கட்டோடு குதித்திறங்கும் சிறுவன் அபூதாஹிர். உப்புக்காற்றில் தலை கலைந்திருக்கும். இறங்குதுறைக் கட்டில் கால்களைத் தொங்கவிட்டு இருவரும் அமர்வர். "இது மீன்குழம்பு படாத பக்கம், பயப்படாமத் தின்" என்று, மீன் தொடாத சைவக்காரரான இவரிடம் இடியப்பத்தை நீட்டுவான். அந்த ருசி இன்றைக்கும் நாவை விட்டு அகலவில்லை.

"ஒருநாள் டிக்கெட் எடுக்க மறந்துபோனதுக்கு, அடுத்த நாள் ரெண்டு டிக்கெட் எடுத்தவன் நீ. லோஞ்சே சிரிச்சது. அந்த அபூதாஹிர் எங்கையடா போனான்?"

"அவன் கிழவனாப் போயிட்டான்."

இரத்தினசிங்கம் சிரிக்கவில்லை.

"கிரிப்டோ எண்டுறதே சூது. அதுக்குள்ள பொய்க்கணக்கு வேறயா? என்னால கையெழுத்து வைக்க ஏலாது. வேற ஆளைப் பார்."

"முதல் கடை போட்ட நாளில இருந்து என்ட கணக்குப் பாக்கிறவன் நீ. இனி நான் எங்க போக?"

"அப்ப பேரைச் சொல்லு. பேர் சொல்ல ஏலாதெண்டால் வித்தவன் கள்ளன். நீ கள்ளச்சாமான் வாங்கினவன்."

கதிரையைத் தள்ளிவிட்டு அபூதாஹிர் எழுந்தார்.

"என்னைச் சூதாடி எண்டு சொல்லு, கேட்டுட்டுப் போறன். அந்தப் பிள்ளையைக் கள்ளன் எண்டு சொல்லாத."

"எந்தப் பிள்ளை?"

"தகப்பனுக்குத் தெரியவே கூடாதெண்டு என்ட கையப் பிடிச்சு அழுத பிள்ளை. சூதுக் காசெண்டு தெரிஞ்சா, மனிசன் ஒப்பரேஷன் வேணாமெண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலால எழும்பிப் போயிடுவாராம்."



இரத்தினசிங்கத்தின் கை, சட்டைக்குள் நெஞ்சின் நடுவே நீண்டு கிடந்த தழும்பைத் தேடிப் போயிற்று.

"என்ர மகன்... சிந்துஜன்... ஒஃபீஸில கடன் எடுத்ததெண்டல்லோ சொன்னவன்?"

அபூதாஹிர் நண்பரின் தோளில் கைவைத்தார்.

"நாடே கடன்பட்டு நிண்ட வருஷம் மச்சான். எந்த ஒஃபீஸ் அப்ப கடன் குடுத்தது?"