நாலு பல் காளை

“பல் இருக்கிற வரைக்கும்தான்…” என்று அப்பா தொடங்குவார். மீதி காளைக்கு மறந்துவிட்டது. மழை பொய்த்த அந்த வருடம், கல்லூரிக் கால்பந்து அணிக்கு ஆள் பிடிக்க நரி வந்தது. காளையின் வாயைப் பிளந்து பார்த்தது.

“நாலு பல் போட்டுட்டியே மாப்ள! ரெண்டுக்கு மேல இருந்தா வயசு தாண்டிடுச்சும்பாங்க. ரெண்டைப் பிடுங்கிடலாம். பால்பல் விழுந்த இடம்னு சொல்லிக்கிறேன்.”

“அப்புறம் புல்லை எப்படிக் கடிக்கிறது?”

“அங்க அரைச்ச தீவனம்டா. தொட்டியிலயே வரும்.”

“ஆட்டம் முடிஞ்சு அனுப்பிட்டா?”

நரி குறடைத் துடைத்தது. வேலியோரம், முன்பு இதே நரி அணியில் சேர்த்துவிட்டு, ஆட்டம் முடிந்து திரும்பி வந்த எருமை, காய்ந்த புல்லைக் கடிக்க முடியாமல் நக்கிக்கொண்டிருந்தது.

காளை அதைப் பார்த்தது. துருத்திய தன் விலாவையும் பார்த்தது. பிறகு வாயைத் திறந்தது.