பின்ஜன்னல்

“பிளாஸ்டிக் போட்டா கூரையை லேசா மடிக்கலாம்,” என்றார் ஹட்டனில் கார் இருக்கையும் கூரையும் தைக்கும் குஷன் கடை வைத்திருக்கும் இர்ஷாத். அந்தப் பழைய காரின் துணிக்கூரையில் பின்ஜன்னல் கிழிந்திருந்தது.

“இந்தப் பனியில அது சீக்கிரமே மங்கிடும், இர்ஷாத் நானா. கண்ணாடியே போடுங்க,” என்றாள் தனுஜா.

“கண்ணாடின்னா மடிக்க ஏலாது, தங்கச்சி.”

“மடிக்கவே வேணாம்.”

ஓட்டுநர் இருக்கையில் அவள் கணவன் பிரதாப் பேசாமல் உட்கார்ந்திருந்தான்.

“ஓட்டுறவரு வாயே தொறக்க மாட்டாரா? எல்லாம் ஒங்க அதிகாரந்தானா?” இர்ஷாத் சிரித்தார். “பின்னால என்னத்த பாக்க? வளைவுல பஸ்காரன் ஹோர்ன் அடிப்பான், ஒதுங்குனா சரி.”

தனுஜா அதை விரல்களால் பிரதாப்புக்குச் சொன்னாள். அவன் தன் காதைத் தொட்டு, கையை விரித்துச் சிரித்தான்.

இர்ஷாத் பிளாஸ்டிக் சுருளை உள்ளே வைத்துவிட்டு, அளவுநாடாவை எடுத்தார்.

“ரெண்டு இன்ச் பெருசாவே போடுவோம், தங்கச்சி.”