மாசம் ரெண்டு பாட்டில்

"மிலிட்டரியா? வேணாம்மா."

காலையிலிருந்து ஜான்சி கேட்டு அலுத்துப்போன பதில் இது. கடலூர் வீட்டுக்காரர்களுக்கு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை ஜாஸ்தி. ஒண்டிக்கட்டை, வயசானவர், அதுவும் மிலிட்டரி என்றால் போதும். குடிப்பார், கத்துவார் என்று அவர்களாகவே முடிவு கட்டிவிடுகிறார்கள்.

சிங்காரம் தன் கறுப்பு டிரங்குப் பெட்டியைக் கை மாற்றிக்கொண்டார். அதன் மேல் வெள்ளைப் பெயிண்டில் அவர் பெயரும் பட்டாளத்து நம்பரும் இருந்தன.

"விடும்மா. அவுங்க வூடு, அவுங்க இஷ்டம்."

"அப்படியெல்லாம் விட முடியாது அங்கிள்."

வீடில்லாத முன்னாள் படைவீரர்களுக்கு வீடு பார்த்துக் கொடுக்கும் சின்ன அமைப்பு ஒன்றில் ஜான்சிக்கு வேலை. சிங்காரத்தை அவள் பார்த்தது சிதம்பரம் ரயில்வே ஸ்டேஷனில். காட்டுமன்னார்கோயில் பக்கம் இருந்த சொந்த வீட்டை மனைவியின் வைத்தியத்துக்கு விற்றார். மனைவியும் தங்கவில்லை. வாடகை கொடுக்க பென்ஷன் இருக்கிறது, வீடு கொடுக்கத்தான் ஆளில்லை.

வங்கக்கடலில் புயல் சின்னம் என்று டிவியில் அலறிக்கொண்டிருந்தார்கள். பிளாட்பாரத்துச் சாரலில் நனைந்து மனுஷருக்கு இருமல் வேறு. இன்றைக்குள் தலைக்கு மேல் ஒரு கூரை கிடைத்தாக வேண்டும்.

மிச்சமிருந்தது மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் பின்னால் சவரியம்மாள் வீட்டு மாடிதான். அந்த அம்மாவின் கணவரும் பட்டாளத்துக்காரர், காலமாகிவிட்டார். அவர் நினைவாக மிலிட்டரிக்காரர்களுக்கு மட்டும்தான் மாடியை விடுவேன் என்பார். ஆனால் வருகிற மிலிட்டரிக்காரர்களை எல்லாம் திருப்பி அனுப்பிவிடுவார். அது என்ன கணக்கோ என்று தெருவே சிரிக்கும்.

அங்கே போனதும் சவரியம்மாள் கழுத்தில் ஜெபமாலையோடு வந்து உட்கார்ந்தார். ஒல்லியான ஒருத்தன் தலை குனிந்தபடி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனான்.

"எந்த ரெஜிமெண்ட்டு?"

"மெட்ராஸ் ரெஜிமெண்ட்டுங்கம்மா."

"எங்க வூட்டுக்காரரும் அதான். போய் மாடியப் பாத்துட்டு வாங்க."

மாடியில் ஒரே அறை, ஒரு கட்டில். வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது. சிங்காரம் ஜன்னலைச் சாத்திப் பார்த்தார். சாரல் உள்ளே வரவில்லை. நம்பாதவர் போல் திறந்து மறுபடியும் சாத்திப் பார்த்தார்.

கீழே வந்ததும் சவரியம்மாள் கேட்டார்: "வாடகையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். மிலிட்டரி கேன்டீன் கார்டு இருக்கா?"

"இருக்குங்க. சோப்பு, மளிகை வாங்குவேன்."

"அதக் கேக்கல. ரம்மு கோட்டா இருக்கில்ல? மாசம் ரெண்டு பாட்டிலு என் கையில குடுத்துடணும். சம்மதம்னா சொல்லுங்க, இப்பவே சாவி."

ஜான்சி ஜெபமாலையைப் பார்த்தாள். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அட மாதாவே! பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வெளியே மழை வலுத்துக்கொண்டிருந்தது.

சிங்காரத்தின் காதருகே குனிந்தாள். "அங்கிள், சரின்னு சொல்லிடுங்க. மத்தத அப்புறம் பாத்துக்கலாம்."

சிங்காரம் இருமி முடித்துவிட்டு நிமிர்ந்தார். "நான் குடிக்கறதில்லைங்கம்மா. கோட்டாவ வாங்கறதும் இல்ல."

"நீங்க எதுக்குக் குடிக்கணும்? வாங்கி எனக்குக் குடுங்க."

"அது தப்புங்க. பட்டாளத்தானுக்குன்னு குடுக்கறத வெளியில கை மாத்தக்கூடாது. என் கார்டுல ஒரு சொட்டு வெளிய போவாது."

"வூடு கெடைக்காதே?"

"சிதம்பரம் பஸ்ஸப் புடிச்சிடுவேன். ஸ்டேஷன்ல எடம் இருக்குது. சரின்னு பொய் சொல்லிட்டு உங்க கட்டில்ல படுத்தா எனக்குத் தூக்கம் வராதும்மா."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். இருமலில் உடம்பு குலுங்கியது, முதுகு மட்டும் வளையவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க ஜான்சிக்கு அப்படியொரு பெருமை. இப்படிப்பட்ட மனுஷரிடம் போய்ச் 'சரின்னு சொல்லிடுங்க' என்றோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அந்த ரோஷத்தை எல்லாம் சவரியம்மாள் மேல் கொட்டினாள். "உங்க மாடியே வேணாம்மா! ஜெபமாலையப் போட்டுக்கிட்டு சாராயம் கேக்கறீங்களே, வெக்கமா இல்ல?"

"இரு பொண்ணே."

சவரியம்மாள் இடுப்பிலிருந்த சாவியை எடுத்தார். வேகமாக வாசலுக்குப் போய் சிங்காரத்தின் பெட்டி மேல் அதை வைத்தார்.

"மாடி உங்களுதுங்க சார்."

சிங்காரம் விழித்தார். "நாந்தான் பாட்டிலு தரமாட்டேன்னு சொன்னேனேம்மா?"

சவரியம்மாள் உள்ளே திரும்பிப் பார்த்தார். தண்ணீர் கொடுத்த அந்த ஒல்லிப் பையன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். குரலைத் தாழ்த்தினார்.

"எம் புள்ள ஜோசப்பு. குடிச்சுக் குடிச்சு, பொழைக்கமாட்டான்னு டாக்டருங்களே கைய விரிச்சாங்க. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துல விட்டவன், இன்னும் தொடல. அவன் கேட்டாலும் குடுக்காத பட்டாளத்தான்தான் எனக்கு வேணும். உங்களுக்கு முன்னாடி வந்தவங்க கிட்டயும் இதேதான் கேட்டேன். பாவம், வூடு வேணுமே, எல்லாரும் 'ரெண்டு என்னம்மா, மூணாவே வாங்கித் தரோம்'னாங்க. அதான் மாடி இத்தன நாளா பூட்டியே கெடக்குது."