கால் வெட்டிய காவல்காரன்

"உடைங்க முதலாளி. உள்ளே நான் சொன்ன சாமான் இல்லேன்னா, நாளையிலேருந்து நான் கடையையே திறக்கல."

கம்பிச் சுருள் சுற்றும் காயில்காரர் சுத்தியலை மேஜைமேல் வைத்தார். எதிரே விளையாட்டுக் கூடத்தின் முதலாளி. அவர் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு எதிர்க்கடை அம்மா. மூவருக்கும் நடுவில், கறுப்புப் பிசினில் உறைந்துபோன உள்ளங்கை அளவுச் சாமான் இரண்டு. ஒன்று காயில்காரர் செய்தது, இன்னொன்று அந்த அம்மா செய்தது.

அதற்குப் பெயர் ஃப்ளைபேக். முதலாளியின் கூடத்தில் நாற்பது பழைய வீடியோ கேம் பெட்டிகள் இருந்தன. தட்டை டிவி வருவதற்கு முந்தைய காலத்து, பின்பக்கம் தொந்தி வைத்த திரைகள். அந்தத் தொந்திக்குள் இருந்துகொண்டு மின்சாரத்தை ஏற்றிக் கொடுத்துப் படம் வரவைப்பது இந்த ஃப்ளைபேக்தான். அது புகைந்துவிட்டால் திரை இருட்டு. அதைச் செய்த கம்பெனிகள் மூடி இருபது வருஷம் ஆகிறது. பழசைப் பிரித்துப் பார்த்து, கம்பி சுற்றி, பிசின் ஊற்றிப் புதிதாகச் செய்யத் தெரிந்தவர்கள் அந்த ஊரிலேயே இரண்டு பேர். இரண்டு பேரும் ஒரே தெருவில் எதிரும் புதிருமாகக் கடை போட்டிருந்ததுதான் வினை.

காயில்காரரைக் கேட்டால் இரண்டு பேர் என்பதையே ஒத்துக்கொள்ள மாட்டார். இருப்பது அவர் ஒருவர்தான்; அந்த அம்மா போன வருஷம் வந்து எதிரே உட்கார்ந்த காப்பி. முதலாளியோ, இனி நாற்பது பெட்டிக்கும் ஒரே ஆள்தான், சீக்கிரம் செய்து தருகிற அந்த அம்மாவுக்கே கொடுக்கலாம் என்று இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து காயில்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேலை போனால் இன்னொரு வேலை வரும். தானே மூளையைக் கசக்கிச் செய்தவன் என்ற பெயர் போனால், தெருவில் எந்த முகத்தோடு நடப்பது?

நல்லவேளை, அவர் ஒரு பொறி வைத்திருந்தார்.

தான் செய்கிற ஒவ்வொரு ஃப்ளைபேக்குக்குள்ளும் மின்சாரத்தை மட்டுப்படுத்துகிற ஒரு சின்ன ரெசிஸ்டரை, அதன் கம்பிக் கால் இரண்டையும் வெட்டி, எதோடும் சேர்க்காமல் சும்மா புதைத்து வைப்பார். அவர் வாயில் அதற்குக் காவல்காரன் என்று பேர். ஒரு வேலையும் கிடையாது. யாராவது பார்த்து அப்படியே செய்தால் அதையும் சேர்த்துச் செய்து மாட்டிக்கொள்வார்கள். மனைவியிடம்கூட இந்த ரகசியத்தைச் சொன்னதில்லை. வேலை வெட்டி இல்லாமல் உள்ளே கிடக்கிறதா, உங்கள் தம்பியைப் போல என்று ஆரம்பித்துவிடுவாள்.

முதலாளி, எதிர்க்கடை அம்மாவின் பீஸை மேஜையோரத்து இரும்புப் பிடியான வைஸில் இறுக்கி நாலு போடு போட்டார். பிசின் சில்லு சில்லாகத் தெறித்தது. ஐந்தாவது போடில், காலில்லாத ரெசிஸ்டர் ஒன்று உருண்டு வந்து மேஜையில் நின்றது.

காயில்காரர் அதை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். இது எதற்கு என்று அந்த அம்மாவையே கேளுங்கள் என்றார். பிறகு, கேட்க விடாமல் தானே பொறியின் கதையைச் சொன்னார். ஏழு மாதம் தூக்கம் கெட்டதையும், கண்ணில் பவர் ஏறியதையும், அத்தனையும் தன் சொந்த மூளை என்பதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். ஒரு வருஷத்து எரிச்சல் தீர்ந்து நெஞ்சு குளுகுளுவென்று இருந்தது.

அம்மா மறுக்கவேயில்லை.

"எதுக்குன்னு எனக்கும் புரியல சார். அண்ணன் செஞ்ச பீஸ் ஒண்ணு புகைஞ்சு போய் எங்கிட்ட வந்துச்சு. இதே மாதிரி வேணும்னாங்க. பிரிச்சேன். உள்ளே இருந்ததை அப்படியே வெச்சேன்."

"கேட்டுக்கிட்டீங்களா முதலாளி? அவங்க வாயாலயே வந்துருச்சு."

"ஒண்ணை மட்டும் வைக்கல," என்றார் அம்மா.

காயில்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எதைம்மா விட்டே? அந்த நீல வட்டையா?"

"அதான்."

"போச்சு. அதுதாம்மா இதுக்கு உயிரே."

முதலாளி அந்த உயிரைப் பார்க்க ஆசைப்பட்டார். காயில்காரர் தன் பீஸைத் தானே வைஸில் வைத்து, பக்குவமாகத் தட்டிப் பிளந்தார். கம்பிச் சுற்றுக்கு அடியிலிருந்து நீல நிற வட்டு ஒன்றை நகத்தால் நெம்பி எடுத்தார். சுண்டு விரல் நகம் அளவு, நடுவில் நாலு துளை.

அந்தத் துளைகள் வழியாகத்தான் சூடு நாலு பக்கமும் பிரிந்து போகிறது என்று விளக்கினார். இரண்டு துளை வைத்ததைப் போட்டுப் பார்த்தாராம், சரிப்படவில்லை. வெள்ளை நிறமும் சரிப்படவில்லை. நீலம், நாலு துளை, இதே அளவு. மூன்று வருஷமாக ஒரு பீஸில்கூட அவர் இதை விட்டதில்லை.

முதலாளி வட்டைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் சட்டையைப் பார்த்தார்.

"இங்க கடை போடறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, நான் வீட்டுல உக்காந்து என் முதல் பீஸைச் சுத்தினேண்ணே. யாரோ ஆள் அனுப்பி அதை வாங்கிட்டுப் போனாங்க," என்றார் அம்மா. "அன்னிக்கு எங்க வீட்டுக்காரரோட நீலச் சட்டைக்குத் தைக்க ஒரு பட்டன் எடுத்து வெச்சிருந்தேன், அது எங்க விழுந்து தொலைஞ்சுதுன்னு, உங்க பீஸைப் பிரிச்சப்பதான் எனக்கே தெரிஞ்சுது."